முதலும் இலாபமும்: தொழில் அறச் சட்டங்களும் இமாம் கஸ்ஸாலியின் அளவுகோலும்

கடந்த ரமளானில் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் அன்பர் ஒருவர் எம்மிடம் மஸ்அலா ஒன்று கேட்டார். அவர் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்துபவர். வாகன உதிரிபாகங்களை அமிலத்தில் கழுவி முலாம் பூசித் தருவது அவருடைய தொழில். கழுவுநீரைச் சுத்திகரிப்பதற்கும், தொட்டியின் அடியில் தங்கும் கசடைக் கும்மிடிப்பூண்டியிலுள்ள அபாயக் கழிவுக் கிடங்கிற்கு அனுப்புவதற்கும் ஆண்டுதோறும் தமக்குப் பெருந்தொகை செலவாவதாகவும், ஊர் மக்களின் நலன் கருதியே அச்செலவைச் செய்வதாகவும் அவர் கூறினார். அத்தொகையை ஸகாத்தில் கழித்துக்கொள்ளலாமா, இயலாதெனில் ஸதகா என்றாவது எண்ணிக்கொள்ளலாமா என்பது அவர் வினா.

வினாவின் முற்பகுதிக்கு விடை எளிது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருமறை வரையறுத்துவிட்டது. பட்டறையின் கழிவுத் தொட்டி அவற்றுள் ஒன்றன்று. பிற்பகுதிதான் எம்மைத் தயங்கச் செய்தது. மக்களுக்குத் தீங்கிழைக்காமல் தன்னைத் தடுத்துக்கொள்வதும் ஒரு ஸதகாவே எனும் கருத்தமைந்த நபிமொழி, அபூதர் (ரலி) அவர்கள் வாயிலாக வந்திருப்பதைக் கற்றோர் அறிவர். எனவே ‘இல்லை’ என்று கூற நா எழவில்லை. ஆயினும், பிறர் கிணற்றில் அமிலம் கலக்காதிருப்பதை அப்பிறருக்கு நாம் வழங்கும் கொடையாக எண்ணுவதற்கு மனமும் இடந்தரவில்லை. சிந்தித்துக் கூறுவோம் என்று அவரை அனுப்பிவைத்தோம்.

கேட்டவர் குறைகூறத்தக்கவர் அல்லர். இரவோடிரவாக மழைநீர்க் கால்வாயில் திறந்துவிடுவோர் இருக்கும் காலத்தில், கணக்கு வைத்துச் செலவு செய்பவர் அவர். ஆனால் அவருடைய வினாவுக்குள் ஓர் எண்ணம் மறைந்திருந்தது: தீங்கு செய்யாமை என்பது கடமைக்கு மேற்பட்ட ஒரு நற்செயல் என்பதே அது. அவ்வெண்ணம் அவருக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டின் தொழில் அறச் சட்டங்களிலும், நம் சமுதாயத்தின் கொடை மரபிலும் அது வேரோடியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நீர்ப் பாடமும் தோல் பாடமும்

ஷாஃபிஈ மத்ஹபின் தொடக்க நூல்களுள் ஒன்று அபூ ஷுஜா (ரஹ்) அவர்களின் சுருக்க நூல். அதன் முதற்பாடம் நீர். எந்நீர் தூய்மையானது, எந்நீர் தூய்மைப்படுத்தாது என்பதனை மாணவன் அங்கே கற்கிறான். அசுத்தம் கலந்து நிறம், சுவை, மணம் ஆகிய மூன்றனுள் ஒன்று மாறிவிடின் அந்நீர் உளூவுக்கு உதவாது. இப்பாடம் முடிந்ததும் உடனடியாக அடுத்து வருவது தோல். செத்த பிராணியின் தோல், நாயும் பன்றியும் நீங்கலாக, பதனிடுவதால் தூய்மையாகிறது. வீசியெறியப்பட்ட செத்த ஆட்டின் தோலைப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நபி (ஸல்) அவர்கள் கேட்ட நிகழ்ச்சி இவ்விடத்தில் ஓதிக் கொடுக்கப்படும்.

பல ஆண்டுகளாக இவ்விரு பாடங்களையும் நாம் அடுத்தடுத்து நடத்தி வருகிறோம். முதற்பாடத்துக்கும் இரண்டாம் பாடத்துக்கும் இடையே நம் மண்ணில் என்ன நேர்ந்தது என்பதைக் கூறாமலே நடத்தி வந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தமிழகத்தில் தோல் தூய்மையடைந்த ஊர்களில் நீர் தூய்மையிழந்தது.

முன்னாளில் இங்கே தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. வாரக்கணக்கில் நடக்கும் வேலை அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையை அறிமுகப்படுத்தினார். 1912இல் தோன்றிய குரோம் லெதர் கம்பெனியே பல்லாவரத்தை அடுத்த குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது. பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை 1970களில் நடுவணரசு தடுத்தும் கட்டுப்படுத்தியும், முழுமையாகப் பதனிட்ட தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி பெருகியது. குரோம் தொட்டிகளும் பெருகின. தொட்டியில் இடப்படும் குரோம் உப்பு முழுவதையும் தோல் உறிஞ்சுவதில்லை. கணிசமான பங்கு கழிவுநீரோடு வெளியேறுகிறது. தோலைக் கெடாமல் காக்க இடப்படும் சாதாரண உப்போ ஊறவைக்கும் முதல் நாளிலேயே நீரில் கரைந்து நிலத்தடிக்குச் சென்றுவிடுகிறது. பயிரைக் கருகச் செய்ததிலும் கிணற்றைக் கரிக்கச் செய்ததிலும் பெரும்பங்கு இவ்வுப்புக்கு உண்டு. தொடக்கத்தில் அமைக்கப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களால் கரைந்த உப்பை நீக்க இயலவில்லை.

பம்மல், நாகல்கேணிப் பகுதிகளில் வாழ்ந்தோர் கிணற்றுநீரின் நிறமாற்றத்தைக் கண்டு வளர்ந்தவர்கள். அங்கிருந்து திருநீர்மலையைக் கடந்து அடையாற்றின் மறுகரை சேர்ந்தால் திருமுடிவாக்கம். தந்தை தோலில் ஈடுபட்டிருந்த குடும்பத்தில் மகன் இரும்பில் ஈடுபட்டிருப்பதை இன்று காண்கிறோம். தொழில் மாறினாலும், கழிவு எங்கே போகும் எனும் வினா மாறவில்லை.

1996இன் தீர்ப்பு

பாலாற்றங்கரையின் துயரத்தை 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது வேலூர்க் குடிமக்கள் நலமன்றம். 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டம் பயில்வோர் அனைவரும் இன்றளவும் முதலில் படிக்கும் தீர்ப்புகளுள் இது ஒன்று. அதில் ஆராயப்பட்டவர்கள் பெரும்பாலும் நம் சமுதாயத்தார் என்பதால் நாம் அதனை அதிகம் படிக்கவில்லை போலும்.

தீர்ப்பு கூறும் விவரங்களைச் சுருங்கக் காண்போம். வட ஆர்க்காடு, ஈரோடு, திண்டுக்கல், திருச்சி, செங்கை ஆகிய ஐந்து மாவட்டங்களில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட தோல் ஆலைகள் இயங்கின. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாயிற்று. ஆலைகள் நிறைந்த பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழ்பட்டதாக வேளாண் பல்கலைக்கழக ஆய்வு தெரிவித்தது. திண்டுக்கல் பகுதியின் 13 கிராமங்களில் 467 கிணறுகளுள் 350 கெட்டிருந்தன.

இவற்றினடிப்படையில் நீதிமன்றம் இரண்டு கொள்கைகளை நாட்டின் சட்டமாகவே அறிவித்தது. முதலாவது, முன்னெச்சரிக்கைக் கொள்கை: தீங்கு முற்றிலும் நிறுவப்படும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும், தீங்கில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. இரண்டாவது, மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தும் கொள்கை: பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுப்பதோடு, கெட்டுப்போன நிலத்தையும் நீரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவையும் அவரே ஏற்க வேண்டும். ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது.

ஃபிக்ஹ் பயின்றவருக்கு இவை அந்நியமான கருத்துகள் அல்ல. தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது நம் சட்டவிதிகளின் ஐந்து தூண்களுள் ஒன்று. பிறர் பொருளை அழித்தவர் மீது ‘ளமான்’ எனும் ஈட்டுப் பொறுப்பு ஏற்படும் என்பதும் நாம் அறிந்ததே. எனினும் தீர்ப்பின் வலிமை எங்கே இருக்கிறதோ அங்கேயே அதன் குறையும் இருந்தது. கொள்கை தெளிவாக இருந்தது. கொடுக்கும் கை வரவில்லை. தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில், வேலூர் மாவட்டத்தில் 29 ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 26.8 கோடி ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது. சராசரியாகத் தலைக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாய். நிலத்தையும் கிணற்றையும் இழந்தவனுக்கு இது எவ்வளவு சிறு தொகை என்று விளக்க வேண்டியதில்லை. அச்சிறு தொகையும் அனைவரையும் சேரவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, எஞ்சியோருக்கு அரசு ஆறு வாரங்களுக்குள் செலுத்திவிட்டு மாசுபடுத்தியோரிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று பணிக்கும் நிலை ஏற்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறை கடந்துவிட்டது. தண்டத்தைக் கட்டியவர்களிலும், ஈட்டுக்குக் காத்திருந்தவர்களிலும் பலர் இன்று மண்ணறையில் உள்ளனர்.

துயரம் நிலத்தோடு முடியவுமில்லை. இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமியத் தொழிற்சாலை ஒன்றன் வளாகத்தில் ஒன்றரை இலட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு குவிந்து கிடந்தது. 2015 ஜனவரி இறுதியில் அவ்வூர்ச் சிப்காட் வளாகத்துச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி நள்ளிரவில் உடைந்தது. பத்துத் தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்து, அருகிலுள்ள ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள்.

இரண்டு விழுக்காட்டு அறம்

நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலும், போபால் பேரழிவுக்குப் பின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இலும் வந்தன. இவை ‘செய்யாதே’ என்று கூறும் சட்டங்கள். 2013இன் கம்பெனிச் சட்டம் தன் 135ஆம் பிரிவில் வேறொரு மொழியைப் பேசியது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர இலாபம் 5 கோடி ஆகிய மூன்றனுள் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூவாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி, மருத்துவம், சுற்றுச்சூழல் முதலியன அதற்கான பட்டியலில் உள்ளன. ஸகாத்தின் இரண்டரை விழுக்காட்டோடு ஒப்பிட்டு இதனை வரவேற்றோர் நம்மிலும் உண்டு.

இச்சட்டத்துக்கு நாம் நீதி செய்ய வேண்டும். தன் தொழிலை நடத்தும்போது செய்தே ஆகவேண்டிய பணிகளையும், பிற சட்டங்களின் கட்டளையை நிறைவேற்றும் செலவையும் இவ்விரண்டு விழுக்காட்டில் சேர்க்கக் கூடாது என்று இதன் விதிகள் கூறுகின்றன. எம்மிடம் வினாத் தொடுத்த அன்பரின் கேள்விக்கு அவ்விதிகள் தரும் விடையும் ‘சேர்க்கலாகாது’ என்பதே. இந்த ஒரு வரம்பு பாராட்டத்தக்கது.

ஆயினும் குறைகள் இரண்டு. முதலாவது, இரண்டைச் செலவிட்டாயா என்று கேட்கும் இப்பிரிவு, நூறும் எவ்வாறு ஈட்டப்பட்டது என்று கேட்பதில்லை. ஓர் ஆலையால் ஒரு கிராமத்தின் கிணறுகள் கெட்டிருக்கலாம். அதே ஆலையின் பெயர் பொறித்த குடிநீர்த் தொட்டி அக்கிராமத்தின் முகப்பில் நிற்கலாம். இரண்டும் வெவ்வேறு ஏடுகளில் பதியப்படும். ஓர் ஏடு மற்றோர் ஏட்டைப் பார்ப்பதில்லை. இரண்டாவது, நாம் பேசுகின்ற தோல் ஆலைகளும் திருமுடிவாக்கத்துப் பட்டறைகளும் பெரும்பாலும் இவ்வரம்புக்குக் கீழே உள்ளவை. அறம் என்பது பெரிய நிறுவனங்களின் பணி, சிறியவர்களுக்கு உரியது பிழைப்பு மட்டுமே எனும் எண்ணத்தை அது தன்னையறியாமல் வளர்க்கிறது.

இதற்கிடையில் ‘செய்யாதே’ என்று கூறிய சட்டமும் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டது. 2023இன் ஜன் விஷ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறுவோருக்கிருந்த சிறைத் தண்டனையை நீக்கி, பத்தாயிரம் முதல் பதினைந்து இலட்சம் ரூபாய் வரையிலான தண்டத்தை வைத்தது; தண்டத்தையும் கட்டாதவருக்கே இனிச் சிறை. பழைய சட்டத்தில் சிறை சென்றோர் அரியர் என்பது உண்மை. ஆனால் தண்டம் மட்டுமே எஞ்சும்போது, வசதியுள்ளவனுக்கு அது உற்பத்திச் செலவில் மேலும் ஓர் இனமாகிவிடும் அபாயம் இருக்கிறது.

கஸ்ஸாலியின் வரிசை

இங்கேதான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் இஹ்யாவை நாம் மீண்டும் திறக்க வேண்டியுள்ளது. 1111இல் மறைந்த அப்பேரறிஞர், நாற்பது நூல்களாக வகுத்த அப்பெருநூலின் பதின்மூன்றாம் நூலைப் பொருளீட்டலின் ஒழுக்கங்களுக்கு ஒதுக்கினார். அதில் அத்ல் எனும் நீதிக்கு ஓர் அதிகாரம்; அதனையடுத்து இஹ்ஸான் எனும் நன்னடத்தைக்கு ஓர் அதிகாரம். இவ்விரண்டுக்குமுள்ள உறவை வணிகனுக்குப் புரியும் உவமையாலேயே அவர் விளக்குகிறார். நீதி முதலைப் போன்றது. நன்னடத்தை இலாபத்தைப் போன்றது. முதல் கையில் நின்றவன் தப்பினான். இலாபமும் கண்டவன் வென்றான். முதலே இல்லாதவனிடம் இலாபம் பற்றிப் பேச இடமில்லை.

இந்த உவமையை 135ஆம் பிரிவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டத்தின் கோணல் விளங்கும். அது இலாபத்தின் ஒரு பங்கைக் கேட்டுப் பெறுகிறது. முதல் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நம் அன்பரின் குழப்பமும் இதுவே. முதலுக்குரிய செலவை அவர் இலாபக் கணக்கில் எழுத விரும்பினார்.

அத்லின் அதிகாரத்தில், ஊர் முழுவதையும் தாக்கும் தீங்கு என்று இமாமவர்கள் இரண்டினைக் கூறுகிறார்கள்: பதுக்கலும் கள்ளநாணயமும். கள்ளநாணயம் பற்றி அவர்கள் கூறும் கருத்து நம் காலத்துக்கே கூறியது போல் இருக்கிறது. ஒரு கள்ளக் காசைப் புழக்கத்தில் விடுவது நூறு காசு திருடுவதைவிடக் கொடியதாம். ஏனெனில் திருட்டு நிகழ்ந்து முடிந்துவிடுகிறது. கள்ளக் காசோ கைமாறிக்கொண்டே போகிறது. விட்டவன் இறந்த பின்னரும், நூறாண்டு இருநூறாண்டு கடந்தும், அது அழியும்வரை அதனால் ஏமாந்த ஒவ்வொருவரின் இழப்பும் அவன் கணக்கில் ஏறுகிறது. தன்னோடு தன் பாவமும் இறந்துபோகப் பெற்றவன் பேறு பெற்றவன் என்பது இவ்விடத்தில் அவர்கள் உணர்த்தும் கருத்து. யாஸீன் அத்தியாயத்தின் தொடக்கத்தில், மனிதர் முற்படுத்தி அனுப்பியவற்றோடு அவர்கள் விட்டுச் செல்லும் ‘ஆஸார்’ எனும் தடங்களும் எழுதப்படுவதாக வரும் வசனத்தை அவர்கள் இதற்குச் சான்றாக்குகிறார்கள்.

இறந்த தந்தைக்காக வியாழன் இரவுகளில் யாஸீன் ஓதுவது நம் இல்லங்களின் வழக்கம். அத்தந்தை விட்டுச் சென்ற தடம் பாலாற்றின் நிலத்தடியில் இன்னும் இருக்குமாயின், நாம் ஓதும் அதே அத்தியாயம் அதனையும் சுட்டுகிறது என்பதை ஓதுவோர் எண்ணிப்பார்க்க வேண்டும்.

கையில் வந்து சேர்ந்த கள்ளக் காசை என்ன செய்வது? யார் கையும் எட்டாதவாறு கிணற்றில் எறிந்துவிடுமாறு இமாமவர்கள் கூறுகிறார்கள். கிணற்றில் எறியப்பட்டதோடு தீங்கு முடிந்துவிடும் என்பது அக்காலத்து நிலை. நம் காலத்தில் தீங்கு புழங்குமிடமே கிணறாகிவிட்டது. அதனை எறிவதற்கு வேறொரு கிணறு நம்மிடம் இல்லை.

நம் நூல்களின் எல்லை

சட்டத்தை விமர்சிக்கும் நாம் நம் நூல்களையும் அதே கண்ணால் நோக்க வேண்டும். அல்லாவிடில் அது நீதியாகாது. இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ், வீடுகளால் சூழப்பட்ட தன் வீட்டை ஒருவர் குளியல் மனையாகவோ தொழுவமாகவோ ஆக்கிக்கொள்வதும், துணிக்கடைத் தெருவிலுள்ள தன் கடையைக் கொல்லுப்பட்டறையாக்குவதும் கூடும் என்பதையே ஏற்புடைய கருத்தாகக் கொள்கிறது. தன் உடைமையில் தன் விருப்பப்படி நடக்கும் உரிமைக்கு இது பெரிதும் இடந்தருவது. ‘என் மனையில் என் ஆலை’ என்போர் இதனைத் தமக்குச் சாதகமாக எடுத்துக்காட்டக்கூடும்.

ஆனால் அதே இடத்தில் ஒரு நிபந்தனையும் உண்டு: அவர் எச்சரிக்கை மேற்கொண்டு சுவர்களை உறுதியாக அமைத்திருக்க வேண்டும். புகையையும் அதிர்வையும் சுவர் தடுக்கும். நிலத்தடி நீருக்கு எவரும் சுவர் எழுப்பியதில்லை. எச்சரிக்கை எனும் நிபந்தனை நிறைவேறாதபோது அனுமதியும் நிலைப்பதில்லை. நம் காலத்தில் அந்தச் சுவரின் இடத்தில் இருப்பது சுத்திகரிப்பு நிலையம். அது இயங்காத நாளில் ஆலையும் இயங்கலாகாது என்பதே அந்நூலின் கருத்துக்கு இசைந்த முடிவென நாம் கருதுகிறோம்.

மற்றொரு குறை நம் பாடத்திட்டத்தினுடையது. நீரின் தூய்மையை நாம் நிறம், சுவை, மணம் கொண்டு அளக்கிறோம். வணக்கத்துக்கு அது போதுமானது. ஆனால் இம்மூன்றும் மாறாத நீரிலும் உடலைக் கெடுக்கும் உலோகம் கரைந்திருக்கலாம். 1978இல் சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர் அவை சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் பற்றி முடிவளித்தபோது, அம்மூன்று பண்புகளும் மீண்டால் நீர் தூய்மையே என்றது. குடிப்பதில் உடலுக்குக் கேடு உண்டாகுமெனில் தவிர்க்க வேண்டும் என்பதையும் தனியே கருத்தில் கொண்டது. தூய்மை ஒரு வினா, தீங்கு மற்றொரு வினா எனும் வேறுபாடு அங்கே பேணப்பட்டது. நம் வகுப்புகளில் முதல் வினாவை முதலாண்டிலேயே கற்பித்துவிட்டு, இரண்டாவதை மாணவன் ஊர் திரும்பும்வரை எழுப்புவதேயில்லை.

கொடையும் கடனும்

இவ்விடத்தில் சில மறுப்புகள் எழும். தோல் தொழிலை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் வாழ்கின்றன. அவற்றுள் முஸ்லிம்களோடு தலித் மக்களும் பெண்களும் ஏராளம். குறைந்த விலைக்குத் தோல் கேட்கும் வெளிநாட்டு வணிகர் அழுக்கை நம் ஆற்றில் விட்டுவிட்டுச் செருப்பை மட்டும் எடுத்துச் செல்கின்றனர். சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011இல் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்படவில்லையா? நம்மை மட்டும் ஏன் குறை கூற வேண்டும்? இவை யாவும் உண்மையே. தோல் தொழில் ஆகுமானது. அதன் வருவாய் விலக்கப்பட்டது என்று நாம் கூறவில்லை. அத்தொழிலின் கறையை ஒரு சமுதாயத்தின் மீது பூச விரும்புவோருக்குத் துணைபோகவும் இல்லை. பிறரும் செய்தார் என்பது மறுமையில் நம் பங்கைக் குறைக்கும் என்று எந்த நூலும் கூறவில்லை என்பதே நம் வாதம்.

வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் கல்விக்கூடங்களும் பள்ளிவாசல்களும் தோல் வணிகரின் வள்ளன்மைக்குச் சான்று பகர்கின்றன. நாம் ஓதிய மதரஸாவின் சமையற்கூடமும் அத்தகைய கொடையால்தான் புகைந்தது. நாம் உண்ட சோற்றுக்கு நன்றியோடுதான் இதனை எழுதுகிறோம். ஆனால் கொடை வேறு, கடன் வேறு. பிறருடைய கிணற்றையும் வயலையும் கெடுத்தவர் மீது அவர்களுக்குரிய ஈடு கடனாக நிற்கிறது. இது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. உரியவர் மன்னித்தாலன்றி நீங்காதது. வேறு வகையில் தீர்க்க வழி காணாத கடனுக்கு வேண்டிய பொருளை ஒருவர் ஸதகா செய்வது ஹராம் என்பதே மின்ஹாஜில் இமாம் நவவி அவர்கள் தேர்ந்த கருத்து.

இஹ்யாவின் பதினான்காம் நூலில், பிறர் பொருள் தன்னிடம் இருப்பதை உணர்ந்து மீள விரும்புவோருக்கு இமாம் கஸ்ஸாலி வழி கூறுகிறார்கள். உரியவர் தெரிந்தால் அவரிடமோ அவர் வாரிசிடமோ ஒப்படைக்க வேண்டும். உரியவரை அறியவே வழியில்லாதபோதுதான் அது தர்மத்துக்குச் செல்லும். இவ்வரிசை மிக முக்கியமானது. பாலாற்றில் உரியவர் யாரென்று தெரியாது என எவரும் கூற இயலாது. 2001 முதல் அவர்களுடைய பட்டியல் அரசிடம் இருக்கிறது. ஊர்வாரியாக, பெயர் பெயராக எழுதப்பட்ட அப்பட்டியல் இருக்கும்வரை, பள்ளிவாசலின் மினாராவும் மதரஸாவின் மாடியும் அதற்கு ஈடாக மாட்டா.

எனவே கொடை பெறும் நிர்வாகங்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. ரசீதுப் புத்தகத்தைத் திறக்கும் முன், ஆலையின் சுத்திகரிப்பு நிலையம் ஓடுகிறதா, விதிக்கப்பட்ட ஈடு செலுத்தப்பட்டதா என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. வட்டிப் பணமா என்று கேட்கத் தயங்காத நாம் இதனைக் கேட்கத் தயங்குவது ஏன்? கேட்டால் கொடை குறையக்கூடும். மாணவர்களின் ஒரு வேளைச் சோறுகூடக் குறையலாம். அந்த அச்சம் எமக்கும் உண்டு. ஆயினும் முதல் இல்லாத இடத்திலிருந்து வரும் இலாபத்தில் ஃபிக்ஹ் கற்பிக்கிறோம் எனும் உறுத்தல் அதனினும் கனமானது.

இனி அந்த அன்பருக்கு நாம் சொன்ன விடை. பெருநாளுக்குப் பின் அவரே வந்து நினைவூட்டினார். அபூதர் (ரலி) அவர்களின் ஹதீஸை எடுத்து ஓதிக் காட்டினோம். நற்செயல்கள் பலவற்றை வரிசையாகக் கேட்டு, அவை எதற்கும் இயலாதவன் என்ன செய்வான் என்று வினவியபோது இறுதிப் படியாகக் கூறப்பட்டது இது என்பதை விளக்கினோம். மேலும், தீங்கைத் தடுத்துக்கொள்வது அவன் தனக்குத்தானே செய்யும் ஸதகா என்றே அங்கு வருகிறது. ஆகவே, “கூலி உண்டு; ஆனால் நீங்கள் கொடுத்தது உங்களுக்குத்தான், ஊருக்கன்று. ஊருக்குக் கொடுத்ததாக எழுத வேண்டாம்” என்றோம்.

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பின்னர், “அப்படியானால் அதைப் பட்டறைச் செலவில் எழுதிவிடுகிறேன் ஹஜ்ரத். விலையைத்தான் கொஞ்சம் கூட்ட வேண்டிவரும், அடுத்த பட்டறைக்காரர் கூட்டமாட்டார்” என்றார்.

அவருடைய அச்சத்துக்கு எம்மிடம் ஃபத்வா இல்லை. அடுத்த பட்டறையையும் கேட்கும் சட்டமும், கேட்டு வாங்கும் சமுதாயமும் அமையும்வரை நீதியுடன் நடப்பவர் தனியாகவே அச்சுமையைச் சுமக்கிறார். அவரைத் தனியே விட்டுவிட்டதில் நமக்கும் பங்குண்டு. வல்லாஹு அஃலம்.